டிரம்மில் காற்று அடிப்பதை விட்டோம்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூளைக் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதுவதுதான் பழக்கம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையெல்லாம் கரி. "அண்ணாச்சி, இருமல் நிக்கவே மாட்டேங்கு" என்று பையன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தூளில் இரும்பு, செம்பு, ஆண்டிமனி எல்லாம் கலந்திருக்கும். பழைய லைனிங் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) என்றால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் இருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அடியில் தட்டு வைத்து, சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து (வேகமாகப் பீய்ச்சினால் தூள் பறக்கத்தான் செய்யும்), துணியால் துடைக்கிறோம். அந்தத் துணியை ஈரத்தோடே பையில் போட்டுக் கட்டிவிடுவோம். ஆரம்பத்தில் நேரம் கூடுதலாகப் பிடித்தது, எரிச்சல்தான். அப்புறம், பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குப் போவதில்லை. வாசலிலேயே பேத்தி ஓடிவந்து கட்டிக்கொள்வாள்.