இராணுவம் புதுத் தொழில்நுட்பம் வாங்கும் முறையைத் திருத்துவது எப்படி? பாயான் லெப்பாஸிலிருந்து சில வழிகள்

மலேசியாவின் லூமுட் கப்பல் கட்டுமிடத்தின் கதையைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. 2011-இல் ஆறு கரையோரப் போர்க்கப்பல்களுக்கு நம் அரசாங்கம் குத்தகை கொடுத்தது. மதிப்பு சுமார் 900 கோடி ரிங்கிட், திறந்த டெண்டர் கிடையாது, நேரடிப் பேச்சுவார்த்தை. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 608 கோடி ரிங்கிட் கட்டியாகிவிட்டது, ஒரு கப்பல்கூடக் கடற்படையின் கைக்கு வரவில்லை. அட்டவணைப்படி அதற்குள் ஐந்து வந்திருக்க வேண்டும். 2023-இல் எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தார்கள், செலவு 1,120 கோடியாக ஏறியது.

நான் பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் இருபது வருடத்துக்கு மேலாக டெஸ்ட் எஞ்சினியராக இருக்கிறேன், படையில் இருந்ததில்லை. என் அத்தை மகன் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். புதுக் கப்பல் வரும் வரும் என்று காத்திருந்து, பழைய கப்பல்களின் எஞ்சின் அறையிலேயே அவருடைய பாதி வாழ்க்கை போனது. அவரும் நானும் வருடக்கணக்காகப் பேசிப் பேசி, தொழிற்சாலையில் நாங்கள் தினமும் செய்கிற சில காரியங்களை இராணுவக் கொள்முதலில் ஏன் செய்யக்கூடாது என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தற்காப்பு அமைச்சில் வேலை செய்பவர், படையில் இருப்பவர், கணக்காய்வில் இருப்பவர், ட்ரோன் அல்லது சென்சார் செய்து படைக்கு விற்கலாம் என்று நினைக்கும் இளைஞர், யாருக்கும் இதில் ஒரு பகுதியாவது உதவும்.

தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

அந்தப் பக்கத்தில் எந்தப் பொருளின் பெயரும் வரக்கூடாது. இதுதான் முதல் வேலை, கடினமான வேலையும் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 2013 பிப்ரவரியில் சபாவின் லஹாட் டத்துவில் ஆயுதக் கும்பல் படகில் வந்து இறங்கியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்தக் கரையைக் காக்க ஏதோ வாங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "24 மணி நேரம் பறக்கும், இத்தனை கிலோ சுமக்கும், இந்த வகை கேமரா பொருத்திய ட்ரோன்" என்று ஸ்பெக், அதாவது தொழில்நுட்ப விவரப் பட்டியல், எழுதினால் அந்த நிமிடமே போட்டி முடிந்துவிடும், ஏனென்றால் அந்த எண்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளிலிருந்து வந்தவை. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: விளக்கில்லாமல், மழை இரவில் வரும் சிறு படகை அது கரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே கண்டுபிடித்து, அருகிலுள்ள ரோந்துப் படகுக்குச் சொல்ல வேண்டும், ஒரு ஷிப்டுக்கு மூன்று பேருக்கு மேல் கிடையாது, உப்புக் காற்றில் வருடம் முழுக்க ஓடவேண்டும், கெட்டுப்போனால் தாவாவிலோ சண்டாகானிலோ வைத்துப் பழுது பார்க்க முடியவேண்டும்.

இதற்கு ட்ரோன் பதிலாக வரலாம், கரையோர ரேடார் வரலாம், கம்பத்தில் பொருத்திய மலிவான கேமராக்கள் வரலாம், மூன்றும் சேர்ந்தும் வரலாம். யாரும் யோசிக்காத ஒன்றை ஒரு சின்ன நிறுவனம் கொண்டுவரவும் இடம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் எழுத முடியவில்லையென்றால் தேவை இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், டெண்டர் பக்கமே போகாதீர்கள்.

பயன்படுத்துகிறவரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரக்கூடாது

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். விலை பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். எஞ்சினியர்கள் நாங்களும் பர்ச்சேசிங்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்தோம். இயந்திரம் லைனுக்கு வந்த முதல் இரவு, அங்கே முப்பது வருடம் இருந்த டெக்னீஷியன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த மூடியைத் திறக்க நாலு ஸ்க்ரூ கழட்டணும். இது ஒரு ஷிப்டுல பத்துத் தடவை ஜாம் ஆகும். யாரைக் கேட்டு வாங்கினீங்க?" என்றார். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் போனது பணம் மட்டும். ஆயுதத்தில் இந்தத் தவறு நடந்தால் உயிர் போகும்.

லூமுட் போர்க்கப்பல் விஷயத்தில் கடற்படைக்குத் தான் விரும்புவது என்ன என்று நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டது சிக்மா என்ற கப்பல் வடிவமைப்பு, முடிவானது கோவிண்ட் என்ற வேறொரு வடிவமைப்பு. அப்போதைய கடற்படைத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பத்துக் கடிதங்கள் எழுதினார் என்பது பொதுக் கணக்குக் குழு அறிக்கையிலேயே இருக்கிறது. பத்துக் கடிதங்கள்! படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே கருத்துக் கேட்பது போதாது, நிறுத்தும் அதிகாரத்தையே கொடுக்க வேண்டும். ஸ்பெக்கில் பயன்படுத்தும் படையின் கையெழுத்து இருக்கட்டும். பிறகு ஒரு வரி மாறினாலும் அந்தக் கையெழுத்து மறுபடி தேவை, யார் மாற்றச் சொன்னார், ஏன் என்பது கோப்பில் ஏறவேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் அதிகாரிகளோடு சார்ஜெண்ட் நிலையில் இருக்கும் இரண்டு பேரையாவது உட்கார வையுங்கள், கையில் கிரீஸ் படுகிறவர்கள் அவர்கள்தான்.

டிராயிங் முடியாமல் இரும்பை வெட்டாதீர்கள்

தொழிற்சாலையில் புதுப் பொருள் வந்தால் வரிசை எப்போதும் ஒன்றுதான். வடிவமைப்பைப் பூட்டுவோம், அப்புறம் சின்ன அளவில் ஓட்டிப் பார்ப்போம், சூட்டிலும் குளிரிலும் ஈரத்திலும் போட்டு வதைப்போம், அதெல்லாம் தாண்டினால்தான் பெரிய உற்பத்தி. லூமுட்டில் விரிவான வடிவமைப்பு முடியாமலே கட்டுமானம் நடந்தது. ஒரு குழாய் எந்தச் சுவரைத் துளைத்துப் போகும் என்று தெரியாமல் சுவரை எழுப்பினால் பிறகு இரண்டையும் உடைக்கத்தான் வேண்டும். இது முதல் தடவையும் இல்லை. 1998-இல் கையெழுத்தான ரோந்துக் கப்பல் திட்டத்தில் 27 கப்பல்கள் என்று கனவு கண்டு, ஆறோடு நின்றோம். அதுவும் அதே லூமுட்தான்.

பணம் கட்டும் அட்டவணையை எழுதும்போது ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள்: இன்றைக்குக் குத்தகையாளர் கைவிட்டுப் போனால் நம் கையில் என்ன மிஞ்சும்? "உபகரணம் ஆர்டர் செய்யப்பட்டது" என்பதற்குப் பணம் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு ரசீது. "எஞ்சின் பொருத்தப்பட்டு, படையின் ஆள் முன்னிலையில் எட்டு மணி நேரம் ஓடியது" என்பதற்குக் கொடுத்தால் மிஞ்சுவது ஓர் எஞ்சின். ஒவ்வொரு கட்டத்தையும் வேலை செய்யும் ஏதாவது ஒரு பொருளோடு கட்டிப் போடுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யாதீர்கள்

சொந்தமாக உருவாக்கும்போது இது ரொம்ப முக்கியம். நம்மவர்களுக்கு அப்துல் கலாம் என்றால் தனி மரியாதை, அதனால் அவர் பொறுப்பில் 1983-இல் தொடங்கிய இந்திய ஏவுகணைத் திட்டத்தையே பார்ப்போம். ஒரே சமயத்தில் ஐந்து ஏவுகணைகள். பிருத்வி ஐந்தே வருடத்தில், 1988-இல் பறந்தது. அக்னி 1989-இல். ஆனால் டாங்கியைத் தாக்கும் நாக் ஏவுகணையின் கடைசிக் கட்டச் சோதனை 2020-இல்தான் முடிந்தது, திரிசூல் 2008-இல் மூடப்பட்டது. பிருத்வியின் எஞ்சினுக்கு எழுபதுகளில் செய்த வேலை அடித்தளமாக இருந்தது. நாக்கின் கண்ணோ, வெப்பத்தைப் பார்த்துத் தானே இலக்கைத் தொடரும் கருவி, கிட்டத்தட்ட பூஜ்ஜியத்திலிருந்து கற்கவேண்டியதாக இருந்தது. அதே மக்கள், அதே நாடு, அதே வருடம் தொடங்கிய வேலை.

தேஜஸ் போர் விமானமும் அப்படித்தான். 1983-இல் அனுமதி, 2001-இல் முதல் பறப்பு, 2016-இல் முதல் படைப்பிரிவு. விமானமும் புதிது, அதற்கான காவேரி எஞ்சினும் புதிது என்று சேர்த்துப் பிடித்தார்கள். கடைசியில் அமெரிக்க எஞ்சினோடுதான் விமானம் பறந்தது.

எனவே திட்டத் தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது எங்காவது ஓடுகிறதா, எத்தனை வருடமாக? "இல்லை" என்ற பதில் ஒன்றுக்கு மேல் வந்தால் அந்தப் பாகங்களைத் தனித் திட்டமாகப் பிரித்து, சின்னப் பணத்தில் முதலில் செய்து பாருங்கள். தோற்றால் சீக்கிரம், மலிவாகத் தோற்கட்டும்.

கொஞ்சம் வாங்கி, அடித்துப் பார்த்து, அப்புறம் நிறைய

உக்ரேனில் சில நூறு டாலர் விலையுள்ள சிறு ட்ரோன்கள் பல லட்சம் டாலர் டாங்கிகளை அழிப்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம். அந்த ட்ரோனின் வடிவம் நிலையாக இல்லை என்பதுதான் கொள்முதல்காரர் கவனிக்க வேண்டியது. எதிரி ஓர் அலைவரிசையை முடக்கினால் சில வாரங்களில் வேறு அலைவரிசைக்கு மாறுகிறார்கள், அதையும் முடக்கினால் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கவிடுகிறார்கள். 2023-இல் அவர்கள் தொடங்கிய பிரேவ்1 என்ற அரசு அமைப்பு, படைப்பிரிவுகளையும் சிறு தயாரிப்பாளர்களையும் நேரடியாகச் சேர்த்து வைக்கிறது. இங்கே ஐந்து வருடம் குழு கூடி ஒரு ட்ரோனைத் தேர்ந்தெடுத்தால், அது வந்து இறங்கும் நாளில் பழங்கதையாகிவிடும்.

கப்பலை இப்படி வாங்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ட்ரோன், ரேடியோ, சென்சார், மென்பொருள் எல்லாவற்றையும் இப்படி வாங்கலாம். மூன்று நிறுவனங்களிடம் பத்துப் பத்தாக வாங்கி, ஆறு மாதம் ஒரே படைப்பிரிவிடம் கொடுங்கள். எது உடைந்தது, எதை ஜவான்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டு போனார்கள், எது பெட்டியிலேயே கிடந்தது என்று குறியுங்கள். அப்புறம் இருநூறு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை மறக்காதீர்கள்: மென்பொருளை மாற்றும் உரிமையும் இணைப்பு முறைகளின் முழு விவரமும் நம்மிடம் இருக்கவேண்டும். அது இல்லாமல் வாங்கினால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் விற்றவரின் கதவையே தட்டவேண்டிவரும்.

உதிரிப் பாகங்களும் ஏஜெண்டுகளும்

2018 ஜூலையில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் மக்களவையில் சொன்ன கணக்கு இது: நம்மிடம் இருந்த 28 ரஷ்யப் போர் விமானங்களில், அதாவது 18 சுகோய், 10 மிக், பறக்கக்கூடியவை நான்கு. வாங்கும் விலையை மட்டும் பேசி, முப்பது வருடம் ஓட்டும் விலையைப் பேசாவிட்டால் இதுதான் நடக்கும். விலைப்புள்ளி கேட்கும்போதே பத்து வருட உதிரிப் பாக விலையை எழுதி வாங்குங்கள், எந்தெந்தப் பழுதை உள்ளூரிலேயே பார்க்கலாம் என்ற பட்டியலையும் சேர்த்து.

இடைத்தரகர்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் மாமன்னரே இடைத்தரகர்களைச் சாடி, வாங்க நினைத்த முப்பது வருடப் பழைய ஹெலிகாப்டர்களை "பறக்கும் சவப்பெட்டிகள்" என்று வெளிப்படையாகக் கண்டித்து, எண்பதுகளில் வாங்கிய ஸ்கைஹாக் விமானங்களின் தவறை மறுபடி செய்யாதீர்கள் என்றார். நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது, தயாரிப்பாளரிடம் நேரடியாக விலை கேட்பது, அதே பொருளை வேறு நாடுகள் என்ன விலைக்கு வாங்கின என்பதைக் கோப்பில் பக்கத்திலேயே வைப்பது, நடுவில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குவது. எழுதித் தர மறுத்தால் அதையும் கோப்பில் எழுதுங்கள்.

பினாங்கில் சிறு நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு

1972-இலிருந்து இந்தத் தீவில் சில்லுகள் செய்கிறோம், சோதிக்கிறோம். படைக்கு வேண்டிய மின்னணுப் பொருளில் பாதியைச் செய்யும் கைகள் பாயான் லெப்பாஸுக்கும் பத்து காவானுக்கும் நடுவில் இருக்கின்றன. ஆனால் மாதிரி ஒன்றைச் செய்து காட்டி எல்லோரும் கைதட்டிய பிறகு ஆர்டர் வருவதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும், அதற்குள் சம்பளம் கொடுக்கப் பணம் தீர்ந்துவிடும். இந்தியா 2018-இல் சென்னைத் தற்காப்புக் கண்காட்சியில் ஐடெக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, படைகள் முன்வைக்கும் பிரச்சினைக்கு மாதிரி செய்யும் சிறு நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம் கொடுத்தது. நம் அமைச்சில் இருப்பவர்கள் அதற்கு ஒரு படி மேலே போய், சோதனையில் தேறினால் முதல் ஐம்பதை வாங்கியே தீருவோம் என்று மானியக் கடிதத்திலேயே எழுதலாம், பில்லை முப்பது நாளில் கட்டலாம்.

நிறுவனம் நடத்துகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். லங்காவி லீமா, கோலாலம்பூர் டிஎஸ்ஏ போன்ற தற்காப்புக் கண்காட்சிகளுக்கு போகும்போது பளபளப்பான புத்தகத்தை விட்டுவிட்டு, உங்கள் பொருள் எத்தனை மணி நேரம் ஓடி எப்போது எப்படிக் கெட்டது என்ற சோதனைத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். பெரிய அதிகாரி புகைப்படம் எடுத்துவிட்டு நகர்ந்த பிறகு, பின்னால் நிற்கும் சார்ஜெண்டிடம் பொருளைக் கொடுத்து, "அண்ணே, இதில் எது முதலில் உடையும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.