வரவேற்பு மாலைக்கு இசை: சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் திருமண வீடுகளுக்கு

திருமண வரவேற்புக்கு வருகிறவர்கள் மணமக்களை வாழ்த்தவும், நெடுநாள் பார்க்காத சொந்தபந்தங்களோடு நாலு வார்த்தை பேசவும், பந்தியில் நிதானமாக அமர்ந்து சாப்பிடவும் வருகிறார்கள். இந்த மூன்றையும் கெடுக்காமல் மாலைக்குக் களை சேர்க்கிற இசையே வரவேற்புக்கு உரிய இசை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மண்டபம், சமையல், புகைப்படம் எல்லாம் முடிவான பிறகு, கடைசி வாரத்தில் யாராவது ஒரு ட்ரூப்பைப் பேசிவிடலாம் என்று இசையைத் தள்ளிப் போடுவதைப் பரவலாகப் பார்க்க முடிகிறது. மண்டபத்தை உறுதி செய்த கையோடு இசையையும் பேசி முடிப்பதே நல்லது. ஏனென்றால் மேடை எங்கே, பந்தி எங்கே, எத்தனை மணிக்கு யார் எங்கே இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் எந்த இசை பொருந்தும் என்று தீர்மானிக்க முடியும்.

ஆகவே பாடல் பட்டியலை எழுதுவதற்கு முன் மாலைப் பொழுதை எழுதிப் பாருங்கள். பத்திரிகையில் ஆறரை மணி என்று அச்சிட்டிருந்தால், அலங்காரம் முடிந்து மணமக்கள் மேடைக்கு வர ஏழு மணி ஆகிவிடும். அந்த அரை மணி நேரமும் உள்ளே வருகிறவர்களின் காதில் மங்கலமாக ஏதேனும் விழ வேண்டும். ஏழு முதல் ஒன்பது வரை மேடைக்கு முன்னால் வரிசை நிற்கும், பந்தியும் ஒரு புறம் நடக்கும். ஒன்பதுக்கு மேல் நெருங்கிய உறவினரும் நண்பர்களும்தான் மிஞ்சுவார்கள். ஆட்டமும் பாட்டும் வேண்டுமென்றால் அதற்குரிய நேரம் அதுவே. முதல் பொழுதுக்கு நாதஸ்வரம், நடுப் பொழுதுக்கு வயலினோ மெல்லிசையோ, கடைசிப் பொழுதுக்குத் துள்ளலான பாட்டு என்று பிரித்துக்கொண்டால், ஒரே குழுவை மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடவைத்துக் களைப்படையச் செய்ய வேண்டியிருக்காது.

காலையில் முகூர்த்தத்துக்கு வாசித்த நாதஸ்வர செட்டையே மாலைக்கும் பேசிக்கொள்வது வழக்கம். அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் அவர்கள் விடியும் முன்பே வந்து வாசித்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பகலில் படுத்து எழ ஓர் அறையும், மாலையில் வாசிப்பதற்கு முன் கால் மணி நேரமும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு எனப்படும் கெட்டியான விரல் உறைகளை ஒவ்வொன்றாக மாட்டி, அது இறுகப் பிடித்திருக்கிறதா என்று தோலில் தட்டிப் பார்ப்பதையும், நாதஸ்வரக்காரர் சீவாளியை, அதாவது ஊதும் முனைத் துண்டை, உதட்டில் நனைத்து ஊதிப் பார்த்து, சரியில்லை என்று இன்னொன்றை மாற்றுவதையும் ஒரு தடவை அருகிலிருந்து பார்த்தவர்கள், மணமக்கள் வந்துவிட்டார்கள், சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்று அவர்களை அவசரப்படுத்த மாட்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்திலும் வீதியிலும் முழங்கிய வாத்தியங்கள். மூடிய மண்டபத்துக்குள் அவற்றுக்கு மைக் தேவையே இல்லை. நுழைவாயில் வளைவுக்கு உட்புறத்திலோ முன்தாழ்வாரத்திலோ ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தால், வருகிறவர்களை வரவேற்பதாகவும் இருக்கும், உள்ளே பேச்சும் தடைப்படாது. ஹம்ஸத்வனி, மோகனம், கல்யாணி போன்ற ராகங்களில் சிறு உருப்படிகளாக வாசிக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராகத்தை விரித்து வாசிக்கும் நீண்ட ஆலாபனையும், தவில் மட்டும் தனித்து முழங்கும் தனி ஆவர்த்தனமும் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு உரியவை. ஆட்கள் நடமாடும் வாசலில் அவற்றை வாசிக்கச் சொல்வது கலைஞருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

செண்டை மேளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லையின் இந்தப் புறத்தில் வாழும் நமக்குச் செண்டை அந்நியம் அல்ல. ஆடிக்கொண்டே செண்டை கொட்டும் சிங்காரி மேளத்தோடு மாப்பிள்ளை அழைப்பு வருவதை இளைஞர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். தாராளமாக வையுங்கள், ஆனால் மண்டப வாசலோடு நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து செண்டைகளும், இலத்தாளம் என்னும் கனத்த தாளங்களும் கான்கிரீட் கூரையின் கீழ் முழங்கினால் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தாங்காது. மேலும், மாசியிலிருந்து சித்திரை வரை இந்த வட்டாரத்தில் வேலா, பூரம் என்னும் கோயில் திருவிழாக்கள் ஓயாத காலம். சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை-வல்லங்கி வேலா ஆகிய திருவிழா நாட்களை ஒட்டித் திருமணம் வைத்தால் நல்ல மேளக்காரர்கள் கிடைப்பது அரிது. தேதி குறிக்கும்போதே கோயில் நாட்காட்டியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

வரிசை நிற்கும் நடுப் பொழுதுக்கு என் தேர்வு வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் அல்லது தபலா, ஒரு கீபோர்டு என்று அமைந்த சிறு குழுவே. பாட்டின் சொற்கள் இல்லாததால் பேசுகிறவர்களின் பேச்சோடு அது மோதுவதில்லை. பாலக்காட்டில் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரிலேயே அரசு இசைக் கல்லூரி இருப்பதால், முறையாகப் பயின்ற இளம் கலைஞர்களை இங்கே தேடிப் பிடிக்க முடியும். மெல்லிசைக் குழுதான் வேண்டும் என்று வீட்டார் விரும்பினால், இரண்டு செய்திகளைக் கறாராகக் கேட்டுவிடுங்கள். முழுக்க வாத்தியங்களோடு பாடுகிறார்களா, முன்பே பதிவு செய்த இசையை (ட்ராக்) போட்டுப் பாடுகிறார்களா என்பது ஒன்று. இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பாடகர்களில் ஒருவராவது மலையாளத்தை மலையாளமாகவும் தமிழைத் தமிழாகவும் உச்சரிப்பாரா என்பது மற்றொன்று. சம்பந்தி வீட்டார் பொள்ளாச்சியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ வருவார்கள், அக்கம்பக்கத்தார் மலையாளம் பேசுகிறவர்களாக இருப்பார்கள். ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பாடினால் மறுபக்கத்தார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். எடிட் செய்து மெருகேற்றிய வீடியோவை நம்பாமல், ஏதாவது ஒரு திருமணத்தில் பார்வையாளர் கைப்பேசியில் பிடித்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அவர்கள் அடுத்துப் பாடும் மண்டபத்துக்கு நேரில் போய்ப் பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எந்தக் குழுவை அமர்த்தினாலும் மாலையை ஆக்குவதும் அழிப்பதும் சத்தத்தின் அளவுதான். மேடையின் இரு புறமும் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிவிடுவது சவுண்ட்காரர்களின் பழக்கம். அப்போது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுவார்கள். முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், மணமக்களோ வாழ்த்துகிறவர்களின் வாயசைவை மட்டும் பார்த்துத் தலையாட்டுவார்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தொலைவு இரட்டிப்பானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். மண்டபத்துக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாவிட்டாலும், அருகில் இருப்பவர்தான் அடி வாங்குவார். அதனால் பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதிலாகச் சிறிய ஸ்பீக்கர்களை மண்டபத்தின் நடுவிலும் பின்னாலும் நிறுத்தி, எல்லாவற்றையும் தணித்து வைக்கச் சொல்லுங்கள். பாடகரின் மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கர் வந்தால் கீச்சென்று கத்தும். மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி அது இருக்க வேண்டும். பந்திக் கூடத்துக்குத் தனிக் கட்டுப்பாட்டோடு ஒரு சிறு ஸ்பீக்கர் போதும். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒலிச்சோதனையை முடித்துவிட வேண்டும். அப்போது வீட்டில் ஒருவர் மணமக்கள் நிற்கும் இடத்தில் நின்று, எதிரில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசிப் பார்க்கட்டும். பேச முடியவில்லை என்றால் குறைக்கச் சொல்லி, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் அந்த அளவுக்கு அடையாளமாக ஒரு டேப் துண்டை ஒட்டிவிடுங்கள். காலியான மண்டபத்தில் எதிரொலி கூடுதலாக இருக்கும், ஆள் நிறைந்தால் ஓரளவு அடங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தை மாதத்தில் தோப்பிலோ வீட்டு முற்றத்திலோ பந்தல் போட்டு வரவேற்பு வைப்பவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்த மாதங்களில் வீசும் கீழைக்காற்று மைக்கில் மோதிப் படபடவென்று இரையும். எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை போடச் சொல்லுங்கள், ஃபிளெக்ஸ் தட்டிகளை மேடைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டுங்கள். அலங்கார விளக்கும் மைக் செட்டும் ஒரே ஜெனரேட்டர் இணைப்பில் ஓடினால் ஸ்பீக்கரில் ஓயாத உறுமல் வரலாம், ஆகவே இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் வைப்பதற்கும் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று அளவும் வகுத்திருக்கிறார்கள். எனவே கடைசிப் பாட்டு ஒன்பதே முக்காலுக்கு முடியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். பாடல்களுக்கு உரிமக் கட்டணம் என்று யாராவது கேட்டு வந்தால் பதற வேண்டாம்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களிலும் இசையை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை, 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாக வெளியிட்டது.

பேசிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: வரும் ஆட்கள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், கூடுதல் அரை மணிக்கு என்ன கட்டணம், அட்வான்ஸ் எவ்வளவு, மைக் செட் யார் பொறுப்பு. கோவையிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ குழு வந்தால், வாடகை வண்டிக்குக் கேரளத்தில் வரி செலுத்த வேண்டியிருந்தால் அது யாருடையது என்பதையும் அதிலேயே சேர்த்துவிட வேண்டும். வாளையாறிலோ கோபாலபுரத்திலோ வண்டி நின்றுவிட்டால் இங்கே மேடை காத்திருக்கும். கலைஞர்களைக் கடைசிப் பந்திக்குக் காக்க வைக்காமல், இடைவேளை நேரத்தைக் குறித்து முன்பந்தியிலேயே இலை போடச் சொல்லி, அந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். மீதித் தொகையும் அவரிடமே உறையில் இருக்கட்டும். மேளம் கட்டி வைத்ததும் தாம்பூலத்தோடு அவரே கொடுத்து அனுப்பிவிடலாம்.