கிளிக்குப் பெட்டி வெச்சேன், மைனா வந்துச்சு: மூணு வருஷம் கழிச்சு சரியா வந்த கிளிப்பெட்டி செய்முறை

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு தூங்குமூஞ்சி மரம், அதுல ஒரு காஞ்ச கிளை, அந்தக் கிளையில ஒரு பொந்து. ஜனவரி ஆனா ஒரு பச்சைக்கிளி ஜோடி வந்து அணிலோட சண்டை போட்டு அந்தப் பொந்தை புடிச்சுக்கும். ஒரு வருஷம் மழைக்கு முன்னாடி ஆபத்தான கிளைன்னு சொல்லி வெட்டிட்டாங்க, அடுத்த ஜனவரில அதே ஜோடி (அதேதான்னு நான் நினைக்கிறேன்) வந்து வெட்டின இடத்தைச் சுத்தி சுத்தி கத்திட்டுப் போச்சு. மனசு கேக்கல, பெட்டி செய்யலாம்னு இறங்கினேன். முதல் வருஷம் மைனா, ரெண்டாவது வருஷம் அணில், மூணாவது வருஷம்தான் கிளி.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. கிளி கூடு கட்டாது. குச்சி, புல்லு எதுவும் தூக்கிட்டு வராது. குக்குறுவானும் மரங்கொத்தியும் போட்ட ஓட்டை, இல்லைனா உளுத்துப் போன பொந்து, அதைக் கடிச்சு பெருசாக்கி உள்ள இருக்கிற மரத்தூள் மேலயே முட்டை போடும். அதனால நாம செய்யப் போறது அழகான வீடு இல்ல, உளுத்த மரம் மாதிரி ஒரு பொந்து.

மரம்

பிளைவுட் வேணாம். மழையில ஊதிடும், கிளி கடிக்கும்போது பசையும் சேர்ந்து உள்ள போகும். நான் வாங்கினது பழைய பேக்கிங் பைன் பலகை, ஒரு இஞ்ச் கனம். அதுல சீல் இருக்கும், பாத்து வாங்குங்க: ‘எச்டி’ (HT)ன்னு இருந்தா சூடு பண்ணினது, எடுத்துக்கலாம், ‘எம்பி’ (MB)ன்னு இருந்தா பூச்சிமருந்து புகை போட்டது, தொடாதீங்க. சில்வர் ஓக்கும் நல்லா இருக்கும். தேக்கு தண்டம், கிளிக்குக் கடிக்க சாஃப்ட்டா இருந்தாதான் புடிக்கும்.

அளவு

உள்பக்கம் தரை 9க்கு 9 இஞ்ச், உயரம் 24 இஞ்ச். ஓட்டை மேல இருந்து அஞ்சு இஞ்ச் கீழ. தெருமுனை ஆசாரி அண்ணன்கிட்ட அளவைச் சொன்னப்ப, “என்ன சார், கிளிக்கு கிணறு வெட்டறீங்களா?”ன்னு கேட்டாரு. கிணறுதான் வேணும்! ஆழம் கம்மியா இருந்தா காக்கா தலையை விட்டு முட்டையை எடுத்துடும், கிளிக்கும் உள்ள இருட்டா இருந்தாதான் தைரியம்.

ஓட்டைக்கு ஹோல் சா பிட் (டிரில்ல மாட்டற வட்ட ரம்பம்) வாங்கிடுங்க, உளியால வட்டம் போடறேன்னு நான் பலகையைப் பொளந்ததுதான் மிச்சம். 76 மில்லி பிட்டு, அதாவது மூணு இஞ்ச், எல்லாரும் சொல்ற அளவு. நான் 65ல போட்டேன், மீதியை கிளியே கடிச்சுக்கட்டும்னு. கீழ தரையில தண்ணி வடிய நாலு சின்ன ஓட்டை, மேல பக்கவாட்டுல காத்துக்கு நாலு, கூரை முன்னாடி மூணு இஞ்ச் நீட்டிட்டு இருக்கணும், மேல கீல் வெச்ச கதவு. உக்கார குச்சி வைக்காதீங்க, கிளிக்கு அது தேவையே இல்ல, மைனாவுக்கும் காக்காவுக்கும்தான் வசதி. உள்ள பெயிண்ட், வார்னிஷ் கூடவே கூடாது.

நான் தடுக்கி விழுந்த இடம்

முதல் பெட்டியை இழைப்புளி போட்டு, சாண்ட்பேப்பர் தேச்சு, கன்னம் மாதிரி வழவழன்னு வெச்சிருந்தேன். ஜோடி வந்துச்சு, பொண்ணு கிளி தலையை உள்ள விட்டுப் பாத்துச்சு, ஒரு தடவை இறங்கினப்ப உள்ள சர்ருனு நகம் வழுக்கற சத்தம் எனக்கே கேட்டுச்சு, ரொம்ப நேரம் பொறுத்து படபடன்னு அடிச்சுகிட்டு வெளிய வந்து போனது போனதுதான். கிணத்துல விழுந்த மாதிரி ஆயிருக்கும் அதுக்கு. குஞ்சு இருந்திருந்தா ஏறவே முடிஞ்சிருக்காது.

ஆக, ஓட்டைக்கு நேர் கீழ உள்பக்கம் அடி வரைக்கும் படி வேணும். ரெண்டாவது வருஷம் ஜன்னல் வலையை வெட்டி அடிச்சேன், அதுவும் தப்பு. ஜிஐ வலையில துத்தநாகப் பூச்சு இருக்கு, கிளி எதையும் கடிக்காம விடாது, துத்தநாகம் கிளிக்கு விஷம். இப்ப செய்யிறது இதுதான்: பெட்டியை மூட்டறதுக்கு முன்னாடியே முன்பலகையோட உள்பக்கத்துல உளியால அரை இஞ்சுக்கு ஒரு கோடு, குறுக்கால, நல்லா ஆழமா. மூட்டின பிறகு கை உள்ள போகாது, என்னை மாதிரி ஸ்க்ரூ எல்லாம் திரும்பக் கழட்டிட்டு உக்காராதீங்க.

இன்னொண்ணு, அடியில மூணு இஞ்சுக்கு இழைப்புச் சுருள் போடுங்க. வெறும் பலகை மேல முட்டை உருளும். மெல்லிசா இருக்கிற ரம்பத்தூள் வேணாம், ஈரம் புடிச்சு கட்டியாகும், தூசியும் கூட. ஆசாரி அண்ணன் சுருளை ஒரு பை நிறைய சும்மாவே குடுத்தாரு.

மாட்டறது

நவம்பர்லயே மாட்டிடுங்க. நம்ம பக்கம் டிசம்பர் கடைசியிலயே ஜோடிங்க பொந்து தேட ஆரம்பிச்சுடும், பிப்ரவரில மாட்டினா மைனாவுக்குத்தான் பத்திரம் எழுதிக் குடுக்கணும். உயரம் 12 அடியாவது வேணும், எங்களோடது ரெண்டாவது மாடி சுவர், கிழக்கு பாத்து. மேற்கு வெயில் பட்டா ஏப்ரல்ல உள்ள இட்லிப் பானைதான். கயிறு கட்டித் தொங்க விடாதீங்க, ஆடற பெட்டிக்கு எங்க ஜோடி கிட்டயே வரல. சுவர்ல ரீப்பர் (மரச் சட்டம்) அடிச்சு அதுல போல்ட். மரமா இருந்தா ஆணி வேணாம், அகலமான பெல்ட்.

சாப்பாடு வெச்சா வருமான்னு கேப்பீங்க. வரும், கூடவே தெருவுல இருக்கிற புறா பூரா வரும், கீழ்வீட்டு ஆன்ட்டி துணி காயப் போடற நேரமா பாத்து வரும். வைக்கணும்னா பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, கொய்யா, சோளம், உப்பில்லாத வேர்க்கடலை, பச்சை மிளகாய் (பறவைக்கு காரம் உறைக்காது). பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மட்டும் வேணவே வேணாம், அது கிளிக்கு விஷம்.

வந்தா எப்படி தெரியும்

பெட்டிக்கு அடியில புதுசா மரச் சிராய் கொட்டிக் கிடந்தா ஆள் வந்தாச்சு. கழுத்துல ரோஸ் வளையம் இருந்தா ஆண், ஆனா வளையம் இல்லாதது எல்லாம் பொண்ணு இல்ல, ஆணுக்கும் அது வர கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆகும். பொதுவா மூணுல இருந்து அஞ்சு முட்டை, 23 நாள் வாக்குல பொரியும், குஞ்சு வெளிய வர இன்னும் ஏழு வாரம். பொண்ணு கிளி அடை காக்கும்போது வெளிய பாக்கவே முடியாது, ஆண் வந்து ஊட்டும். “ஓடிப் போயிடுச்சு போல”ன்னு கதவைத் திறக்காதீங்க ப்ளீஸ், விட்டுட்டே போயிடும்.

எதிர் வீட்டு பாட்டி தினமும் கேப்பாங்க, “ஒரு குஞ்சு எடுத்துக் குடேன்பா, பேசப் பழக்கலாம்”னு. முடியாது பாட்டி, 1972 வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளியை கூண்டுல வெக்கறதே குத்தம். குஞ்சு கீழ விழுந்து அடிபடாம இருந்தா திரும்ப பெட்டியில விடுங்க, அடிபட்டிருந்தா கெங்கேரி பக்கம் பீப்புள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு ஆஸ்பத்திரி இருக்கு.

அப்டேட்: பெட்டியில தேனீ வந்துடுச்சுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. பொந்துல அடை கட்டற தேனீ அது, புகை போட்டு கொளுத்தாதீங்க, தேனீ புடிக்கறவங்க அவங்க தேனீப் பெட்டிக்கு மாத்தி எடுத்துட்டுப் போவாங்க. மைனாவை எப்படி விரட்டறதுன்னு கேட்டவங்களுக்கு: விரட்டாதீங்க, அதுவும் குடித்தனம் பண்ண வந்ததுதானே, தள்ளி ரெண்டாவது பெட்டி ஒண்ணு மாட்டுங்க. எங்க வீட்டுல அப்படித்தான் ஓடுது, தெக்குப் பெட்டி மைனா, கிழக்குப் பெட்டி கிளி.

எல்லாம் பறந்த பிறகு ஜூலைல கதவைத் திறந்து பழைய சுருளைக் கொட்டிட்டு, வெந்நீர் ஊத்திக் கழுவி, ரெண்டு நாள் காய வெச்சு புதுசு போட்டேன். 65 மில்லில போட்ட ஓட்டை மாங்கா மாதிரி கோணலா 80க்கு வந்திருக்கு, ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். நவம்பருக்குள்ள முன்பலகையை மட்டும் மாத்தணும், ஆசாரி அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.