அறிவியல் கண்காட்சிக்கு ஹிமாத்ரி நிலைய மாதிரி செய்யும் முறை

ஆர்க்டிக் ஆய்வு நிலையம் என்றதும் நம் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் பஞ்சைப் பரப்பிக் கொடியை நட்டு, பக்கத்தில் இரண்டு பென்குயின்களையும் நிறுத்திவிடுகிறார்கள். பென்குயின் தென்கோடிப் பறவை. வடக்கே உலவுவது பனிக்கரடி. கொடியும் பெரிதாக வேண்டியதில்லை, ஏனெனில் 1920-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஸ்வால்பார்ட் தீவுகள் நார்வேயின் இறையாண்மைக்கு உட்பட்டவை. இந்தியா 2008 ஜூலை 1 அன்று திறந்த ஹிமாத்ரி, அத்தீவுகளில் நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த நீ-ஓலெசுண்டில் குத்தகைக்கு எடுத்த கட்டடம்தான். அங்கே தரை எப்படிப்பட்டது, எதை அளக்கிறார்கள் என்பதைக் காட்டினாலே போதும்.

தரையிலிருந்து தொடங்குங்கள். ஓர் அலுமினியத் தட்டில் ஈர மணலை நிரப்பி, ஒரு பாதியில் மட்டும் நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை ஊன்றி, ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். காசிமேட்டுக் கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள உப்பு மணலை இறுக விடாது. மறுநாள் இரண்டு சிறிய தகர டப்பாக்களில் வெந்நீர் ஊற்றி, ஒன்றைக் குச்சிகளின் மேலும் மற்றொன்றை நேராக மணலின் மேலும் வையுங்கள். சில நிமிடங்களில் மணலில் வைத்த டப்பாவின் அடி இளகி, அது ஒரு பக்கமாகச் சாயும். குச்சிகளின் மேல் உள்ளதோ அடியில் காற்று புகுவதால் நெடுநேரம் நிமிர்ந்து நிற்கும். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் அந்த நிலத்தில் வீட்டைத் தூண்களின் மேல் எழுப்புவதன் காரணம் இதுவே.

அடுத்து கடல். 2014 ஜூலையில் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இந்தியா நிறுத்திய இண்டார்க் கருவித்தொடர், நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பது. அதன் உருவாக்கத்தில் பள்ளிக்கரணைத் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்குண்டு. உயரமான கண்ணாடி ஜாடியில் நீர் நிரப்பி, அடியில் ஈயக்குண்டும் மேலே தெர்மாகோல் மிதவையும் கட்டிய நூலில் கருவிகளுக்குப் பதிலாக மணிகளைக் கோத்து இறக்குங்கள். மிதவை நீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே தெரிந்தால் பனிக்கட்டி மோதும்.

மாதிரியில் வை-ஃபை கோபுரம் வைக்காதீர்கள், ரேடியோ தொலைநோக்கிக்கு இடையூறாகும் என்று அந்த ஊரில் வை-ஃபைக்கும் புளூடூத்துக்கும் தடை. ஒரு பாதியைக் கறுப்புத் துணியால் மூடினால், சூரியனே உதிக்காத குளிர்காலத்தையும் காட்டலாம். 2023 டிசம்பரில்தான் இந்தியா அந்த இருளிலும் ஆய்வுக்குழுவை அனுப்பத் தொடங்கியது.

மணல் தட்டைக் கொண்டுபோக, மீன் பெட்டி ஒன்றில் உடைத்த ஐஸும் கல் உப்பும் கலந்து போட்டு, நடுவில் புதைத்துவிடுங்கள். மணலுக்குள் ஆகாத உப்பு இங்கே ஐஸின் குளிரைக் கூட்டும். நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்த பிறகு தட்டை வெளியே எடுங்கள்.