விண்டோஸில் மட்டும் தோற்கும் கன்டெய்னர் டெஸ்ட்: பாத் கோளாறைச் சரிசெய்யும் முறை

தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைச் சேமிக்கும் சின்ன பைத்தான் புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாக்கர் கன்டெய்னரில் (மெஷினுக்குள் தனியாக ஓடும் சின்ன லினக்ஸ் சூழலில்) டேட்டாபேஸை ஏற்றி, மாதிரி விலைப் பட்டியலை அதற்குள் அனுப்பி டெஸ்ட் ஓட்டுகிறோம். லினக்ஸில் எல்லாம் பாஸ். விண்டோஸில் மட்டும் 'ஃபைல் இல்லை' என்று எரர். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கோடிங் பழகும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப்தான். இந்த எரரைப் பார்த்து 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடாதீர்கள். பல நேரம் தப்பு, ஃபைலைக் கன்டெய்னருக்குள் அனுப்பும் டூலின் கோடில்தான் இருக்கும். அதை நீங்களே திருத்தலாம்.

படி 1: முதலில் கன்டெய்னருக்குள் பாருங்கள்

டாக்கர் எக்ஸெக் மூலம் உள்ளே ஷெல் திறந்து, ஃபைல் பட்டியலைக் காட்டும் எல்எஸ் கட்டளையைக் கொடுங்கள். 'டேட்டா' ஃபோல்டரும் அதற்குள் 'பிரைஸ்.சிஎஸ்வி'யும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் 'டேட்டா\பிரைஸ்.சிஎஸ்வி' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் கிடந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. விண்டோஸில் ஃபோல்டரைப் பிரிப்பது பேக்ஸ்லாஷ் (\). லினக்ஸுக்கோ அது பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து.

ஃபோல்டர் இருந்தும் காலியாக இருந்தால் காரணம் வேறு. மெஷினில் உள்ள ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் இணைப்பது டாக்கரின் 'மைனஸ் வி' ஆப்ஷன். அதில் தவறான பாத் (ஃபோல்டர் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரி) கொடுத்தால், பெரும்பாலும் எரர் வராது. இல்லாத ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கி மாட்டிவிடும். அதே வேலையைச் செய்யும் 'மவுண்ட்' ஆப்ஷன் உடனே எரர் காட்டும் என்பதால் பழகுகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

படி 2: இரண்டு பாத்தையும் பிரித்து வையுங்கள்

இதுதான் முக்கியமான இடம். உங்கள் மெஷினில் உள்ள பாத் வேறு, கன்டெய்னருக்குள் உள்ள பாத் வேறு. இரண்டையும் ஒரே ஃபங்ஷனால் ஒட்டக் கூடாது. 'ஓஎஸ்.பாத்.ஜாயின்' கொண்டு '/ஆப்', 'டேட்டா' இரண்டையும் சேர்த்தால் விண்டோஸில் '/ஆப்\டேட்டா' என்று வரும். கன்டெய்னர் பக்கத்துக்கு எப்போதும் பைத்தானின் பாத்லிப் லைப்ரரியில் உள்ள 'ப்யூர்போசிக்ஸ்பாத்' (லினக்ஸ் பாணி பாத்). மெஷின் பக்கத்துக்கு வழக்கமான 'பாத்'. மெஷின் பக்கத்து ரிலேட்டிவ் பாத்தை (டிரைவ் பெயர் இல்லாத 'டேட்டா\பிரைஸ்.சிஎஸ்வி' போன்றதை) உள்ளே கொண்டுபோகும்போது 'ஆஸ்_போசிக்ஸ்' வழியாக '/' வடிவுக்கு மாற்றுங்கள். எல்லா பேக்ஸ்லாஷையும் ரீப்ளேஸ் செய்வது சுலபம்தான். ஆனால் பெயரிலேயே பேக்ஸ்லாஷ் உள்ள லினக்ஸ் ஃபைலை அது கெடுத்துவிடும்.

படி 3: கோலனைக் கவனியுங்கள்

'மைனஸ் வி' ஆப்ஷனில் மெஷின் பாத்தையும் கன்டெய்னர் பாத்தையும் கோலன் (:) பிரிக்கும். 'சி:\பூவிலை:/ஆப்' என்பதைக் கோலன் வைத்து உடைத்தால் மூன்று துண்டு. லினக்ஸில் இரண்டே துண்டுதான் வரும். அதை நம்பி எழுதிய கோட் இங்கே விழும். கடைசிக் கோலனில் உடைக்கலாம் என்று தோன்றும். ஆனால் இறுதியில் ரீட்-ஒன்லி குறி ஒட்டியிருந்தால் அதுவும் தப்பாகும். சோர்ஸையும் (மெஷின் பாத்) டார்கெட்டையும் (கன்டெய்னர் பாத்) தனித்தனி ஆர்குமென்டாக வாங்குங்கள்.

படி 4: டெஸ்ட் எழுதுங்கள்

பாத்லிப்பில் விண்டோஸ் பாணி பாத்துக்கான 'ப்யூர்விண்டோஸ்பாத்' லினக்ஸ் மெஷினிலும் ஓடும். பாத்தை மாற்றும் உங்கள் ஃபங்ஷனுக்கு அதைக் கொடுத்து, வெளியே வரும் கன்டெய்னர் பாத்தில் பேக்ஸ்லாஷ் இல்லை என்று சரிபாருங்கள். இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர் ஒன்றையும் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிட் பாஷில் (விண்டோஸில் லினக்ஸ் பாணிக் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) மட்டும் தகராறு என்றால், '/ஆப்' என்பதை அது விண்டோஸ் பாத்தாக மாற்றி அனுப்புகிறது என்று அர்த்தம். தொடக்கத்தில் '//ஆப்' என இரட்டை ஸ்லாஷ் போட்டுப் பாருங்கள், அல்லது அதே கட்டளையைப் பவர்ஷெல்லில் ஓட்டுங்கள்.