பேயெல்லாம் 'கோஸ்ட்' ஆகாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பேய்க்கதை கதைக்காதே" என்று மட்டக்களப்பில் ஒருவர் சொன்னால் அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. விசர்க்கதை வேண்டாம் என்கிறார். அதை 'கோஸ்ட் ஸ்டோரி' என்று மாற்றினால் ஆங்கிலக்காரர் ஆவிக்கதை கேட்கத் தயாராகிவிடுவார். 'நொன்சென்ஸ்' என்பதே பொருத்தம். "பேய்க்காட்டாதே", அதாவது ஏமாற்றாதே, என்பதற்கு 'ஃபூல்' போதும். பேய்மழை 'ஹெவி ரெயின்'. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட பேய்க்காற்று 'சைக்ளோன்'.

தமிழில் பேய் ஒட்டினால் மூர்க்கம் கூடும். ஆங்கிலத்தில் கோஸ்ட் ஒட்டினால் பெரும்பாலும் பொருள் தேயும். 'கோஸ்ட் ஒஃப் எ ஸ்மைல்' உதட்டோரம் தெரிந்தும் தெரியாத சிரிப்பு. 'கோஸ்ட் டவுன்' சனம் விட்டுப்போன ஊர், பேய் உலாவும் ஊரல்ல. 'கோஸ்ட் ரைட்டர்' இன்னொருவர் பெயரில் வரும் நூலை எழுதிக் கொடுப்பவர். சுயவிவரத்தில் இதைப் போட்டுவிட்டுத் திகில் கதைகளை நீட்டினால் வேலை கிடைக்காது.

சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுப்பதும் 'கோஸ்ட்' தான். 'ஷீ கோஸ்டட் மீ' என்பது சரி. நடுவில் 'வித்' நுழைக்கக் கூடாது. ஒரு நாள் பதில் வராததற்கெல்லாம் இதைச் சொல்வது மிகை.

'ஹோலி கோஸ்ட்' பரிசுத்த ஆவி. கோஸ்ட்டின் பழைய பொருள் ஆவி, உயிர். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் 'கேவ் அப் த கோஸ்ட்' என்றால் உயிர் விட்டார். இன்று பழுதான தண்ணீர் மோட்டருக்கும் அதைச் சொல்வார்கள். செத்த வீட்டில் சொன்னால் மரியாதை கெடும்.

எழுத்துக்கூட்டலில் ஜீக்கு அடுத்த எச்சை விட்டுவிடுகிறோம். 1476இல் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் கக்ஸ்டன் காலத்தில், பிளெமிஷ் எழுத்துப் பழக்கத்தால் ஒட்டிய எச் அது. ஒலி கிடையாது.

உச்சரிப்பில்தான் பெரிய சறுக்கல். கடற்கரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதினால் 'கோஸ்ட்' தான். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ வெளிநாட்டவரிடம் 'ஈஸ்ட் கோஸ்ட்' என்னும்போது ஒலி பிசகினால் கிழக்குப் பேய் வந்துவிடும். பேய்க்கு 'தங்கம்' என்பதில் வரும் 'க', கரைக்கு 'கடல்' என்பதில் வரும் 'க'. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: கரைக்குக் காற்று கையில் பட வேண்டும், பேய்க்குப் படக்கூடாது.