பழைய டிவி கேமைப் புது டிவியில் ஓட வைப்பது எப்படி?

பரணில் கிடக்கும் டிவி கேமைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெட்டி அவ்வளவு சீக்கிரம் கெடாது. அடாப்டர், கேசட்டின் பல், டிவிக்குப் போகும் வயர் என்ற மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் தகராறு செய்யும்.

மேலே டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர், மீடியா என்று என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்கள்தான். கேசட்டில் அதே 60 பின். அதனால் எங்கள் வீட்டுப் பெட்டிக்கு நான் செய்தது உங்களுடையதற்கும் அநேகமாகப் பொருந்தும்.

கையில் ஒரு மல்டிமீட்டர், பென்சில் ரப்பர், இயர் பட்ஸ், மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவம் இருந்தால் போதும். மல்டிமீட்டர் விலை குறைந்ததாக இருக்கலாம், ஆனால் இரு முனைகளுக்கும் நடுவே இணைப்பு இருந்தால் 'பீப்' சத்தம் வரும் மாடலாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி எண்ணைப் பார்க்க வேண்டும், கை நழுவிவிடும்.

1. கரண்ட் கொடுக்கும் முன்

பழைய அடாப்டர் தொலைந்திருந்தால் 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் வாங்குங்கள். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக்கிக்கொள்ளும். 12 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் மிச்சமெல்லாம் சூடாகத்தான் போகும். அதனால் வேண்டாம்.

வோல்ட்டை விட பிளஸ் மைனஸ்தான் ஆபத்து. அசல் ஜப்பான் பெட்டிக்கு நடுப்பின் மைனஸ். இன்றைக்கு வீட்டில் இருக்கும் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பிளஸ். நகல் பெட்டிகளிலோ ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. முனை உள்ளே போகிறதே என்று செருகிவிட்டால் சில்லு போய்விடும்.

பெட்டியின் அடியில் குறி இல்லையென்றால் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை பீப்பில் வையுங்கள். ஒரு முனையை, டிவிக்குப் படமும் ஒலியும் அனுப்பும் ஏவி ஓட்டையின் வெளி உலோக வளையத்தில் வைத்து, மறு முனையால் பவர் ஓட்டையின் நடுப்பின்னையும் பிறகு வெளித் தகட்டையும் தொடுங்கள். எதில் பீப் வருகிறதோ அதுதான் மைனஸ். அடாப்டரை அதற்குப் பொருத்தமாக வாங்குங்கள்.

2. கேசட்

ஊதாதீர்கள். சின்ன வயதில் எல்லோரும் ஊதித்தான் விளையாடினோம், வேலையும் செய்தது. உண்மையில் கேசட்டைக் கழற்றித் திரும்பச் செருகியதால்தான் வேலை செய்தது. வாயின் ஈரம் செம்பில் பச்சையேற்றும். நின்டெண்டோவே ஊத வேண்டாம் என்றுதான் சொன்னது.

தங்க நிறப் பற்களின் மேல் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேயுங்கள். கறுப்பு வந்த பிறகு ஐபிஏ தொட்ட பட்ஸால் துடையுங்கள். முதல் பட்ஸ் தார் தொட்டதுபோல் வரும், வெள்ளையாக வரும்வரை மாற்றுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சானிடைசர் பிசுபிசுக்கும். பெட்டியின் ஸ்லாட்டுக்கு, பழைய விசிட்டிங் கார்டில் மெல்லிய துணி சுற்றி, ஐபிஏ தொட்டு, இரண்டு மூன்று முறை உள்ளே விட்டு எடுத்தால் போதும். நன்றாகக் காயவிட்டு, பவரை அணைத்த நிலையிலேயே கேசட்டைச் செருகுங்கள்.

3. டிவியில் இணைப்பது: பாதிப் பேர் கைவிடும் இடம்

எனக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான். புது எல்இடி டிவிகள் பலவற்றில் படத்துக்கான மஞ்சள், ஒலிக்கான வெள்ளை, சிவப்பு ஓட்டைகளே கிடையாது. 'ஏவி இன்' என்று ஹெட்போன் துளை மாதிரி ஒன்று மட்டும் இருக்கும். அதற்கென்று ஒரு முனையில் 3.5 எம்எம் பின்னும் மறுமுனையில் மூன்று கலர் ஓட்டைகளும் உள்ள வயர் வேண்டும். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள். மாட்டினால் படம் வராது, ஸ்பீக்கரில் மட்டும் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல்.

அந்த 3.5 எம்எம் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை பின்னை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்க ஒலி. நுனியிலிருந்து மூன்றாவது பெரும்பாலும் கிரவுண்ட், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ். இரண்டாவதும் நான்காவதும்தான் வம்பு. ஒரு கம்பெனி படத்தை இரண்டாவதில் வைக்கும், இன்னொன்று நான்காவதில் வைக்கும். வயர் ஒரு கட்சி, டிவி இன்னொரு கட்சி என்றால் படத்துக்கான சிக்னல் வலது ஸ்பீக்கருக்குப் போகிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் அந்தப் படம்தான்.

புது வயர் வாங்க ஓட வேண்டாம். பெட்டியிலிருந்து வரும் மஞ்சள் பின்னைப் பிடுங்கி, வயரின் சிவப்பு ஓட்டையில் செருகுங்கள். மரியோ வந்துவிடுவார். பெட்டியில் ஒலி ஒன்றுதான், ஸ்டீரியோ இல்லை. அதை வெள்ளையில் செருகினால் முடிந்தது.

அப்படியும் வரவில்லையா? வயரின் கலர் ஓட்டைகளுடைய வெளி வளையத்துக்கும் பின்னின் மூன்றாவது துண்டுக்கும் பீப் பாருங்கள். பீப் இல்லையென்றால் கிரவுண்டே மாறியிருக்கிறது. அந்த வயரை எப்படி மாற்றிச் செருகினாலும் பிரயோஜனமில்லை.

டிவியில் ஏவி துளையே கிடையாது என்றால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் குட்டி டப்பா வாங்கலாம். ஆனால் அது என் கடைசி விருப்பம். பட்டனை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் மரியோ குதிப்பார், பள்ளத்தில் விழுவார். வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவிக்கு மாற்றும் டப்பாவும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும்.

4. டிவி செட்டிங்

கேம் மோட் இருந்தால் போடுங்கள், தாமதம் குறையும். படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். 16:9-ல் விட்டால் கான்ட்ரா வீரர்கள் இருவரும் தொந்தி வைத்துவிடுவார்கள். திரையில் எதிரிகள் கூடும்போது ஆள்கள் மின்னி மறைந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் பெட்டியில் படம் வரையும் சில்லால் வரைய முடியாது. அன்றைக்கும் அப்படித்தான் மின்னியது.

5. ஜாய்ஸ்டிக்

பட்டனை ஓங்கி அழுத்தினால்தான் வேலை செய்கிறதென்றால் பின்னாலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் பேடின் அடியில் கறுப்பாகக் கார்பன் வட்டம் இருக்கும். அதை உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும், சுரண்டினால் கார்பன் உரிந்துவிடும். அது தொடும் போர்டை மட்டும் ஐபிஏ போட்டுத் துடையுங்கள்.

துப்பாக்கி

வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. எதைத் துடைத்தாலும் செய்யாது. ட்ரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையிலுள்ள சென்சார் அந்த வெளிச்சத்தை அதே நொடித்துளியில் பார்க்க வேண்டும். புது டிவி படத்தை வாங்கி, பதப்படுத்தி, தாமதமாகக் காட்டுவதால் கேம் அதைத் தவறிய குண்டாகவே கணக்கெடுக்கும். காயலான் கடையில் பழைய பெட்டி டிவி கிடைத்தால் அதுதான் வழி. அதன் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே ஹைவோல்ட் நிற்கும்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் இருவர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. சில டிவிகளில் மஞ்சளும், படத்தை மூன்று வயர்களில் பிரித்து வாங்கும் காம்பொனென்ட் இணைப்பின் பச்சையும் ஒரே ஓட்டை. சோர்ஸில் காம்பொனென்ட்டை விட்டு ஏவியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஏவியில்தான் இருக்கிறதென்றால் கலர் சிஸ்டத்தைப் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று மாற்றிப் பாருங்கள்.

இன்னொருவருக்கு முதல் படியில் நடுப்பின், வெளித் தகடு இரண்டிலுமே பீப் வரவில்லையாம். ஓட்டைக்குப் பின்னால் நான்கு டயோடுகள் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். இருந்தால் எந்தப் பக்கம் பிளஸ் கொடுத்தாலும் ஓடும். இல்லையென்றால் பெரும்பாலும் பவர் ஓட்டையின் சால்டர் விட்டிருக்கும். ஒரு சொட்டு ஈயம் வைத்தால் சரியாகிவிடும்.